25 வயசு மாமரம் ஒரு பக்கமாகக் காய்கிறது, காப்பாற்ற முடியுமா?

கேள்வி
வணக்கம். வாசலில் நிற்கும் பங்கனபள்ளி மரம் இது. ஆடியிலிருந்து கிழக்குப் பக்கத்துப் பெரிய கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வருகிறது. காய்ந்த இலை உதிராமல் அப்படியே தொங்குகிறது. தரையிலிருந்து 2 அடி உயரத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. ஈரமான மரத்தூள் கொட்டுகிறது, பிசினும் வடிகிறது. 2 வருடம் முன்பு வாசலை உயர்த்த ஒன்றரை அடி மண் கொட்டித் தூரை ஒட்டியே டைல்ஸ் போட்டோம். 2 கிலோ யூரியா போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில் 1
யூரியா வேண்டாம் சார். இது பசியால் வந்த வாட்டம் இல்லை. வேர் மூச்சு விட முடியாமல் இருக்கும்போது யூரியா போட்டால் மிச்சம் இருக்கும் சல்லிவேரும் கருகும்.

முதலில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று பாருங்கள். காயும் கிளையில் நுனியிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் போனதுதான். பிறகு டைல்ஸை எடுத்துவிட்டுத் தூரைச் சுற்றி 3 அடிக்கு மண்ணைத் தோண்டி, பழைய தரைமட்டம் வரை இறக்குங்கள். மண்வெட்டி தூரில் படக்கூடாது, கடைசி அரை அடியைக் கையால் எடுங்கள். மண்ணுக்குள் மூடிக் கிடந்த பட்டை கறுத்து, அழுத்தினால் ஈரம் கசிந்து, புளித்த வாடை வந்தால் அது அழுகல். சுற்றளவில் கால்வாசிக்குள் அழுகியிருந்தால் மரம் தேறும். பாதிக்கு மேல் என்றால் நம்பிக்கை குறைவு.

பதில் 2
அந்த ஓட்டை தண்டுத் துளைப்பான் என்ற வண்டின் புழு குடைந்தது. வண்டு சாம்பல் நிறம், 2 அங்குலம் இருக்கும். பட்டைக்குள் முட்டை வைக்கும். புழு கால் இல்லாமல் வெண்மையாக, கட்டை விரல் பருமனுக்கு உள்ளே குடைந்து கிடக்கும். தூள் ஈரமாக, புதிதாகக் கொட்டுகிறது என்றால் புழு உள்ளே உயிரோடு இருக்கிறது.

சைக்கிள் பிரேக் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து ஓட்டைக்குள் விடுங்கள். பாதை பெரும்பாலும் மேல்நோக்கித் திரும்பும். கம்பி தடுக்கும் இடத்தில் திருகி இழுத்தால் புழு சிக்கும், அல்லது கம்பியில் வெண்மையாகக் கூழ் ஒட்டி வரும். எட்டவில்லை என்றால் பெட்ரோலில் நனைத்த பஞ்சை உள்ளே தள்ளி, களிமண்ணால் அடைத்துவிடுங்கள். பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது. ஒரு வாரம் கழித்துப் புதுத் தூள் விழுந்திருந்தால் இன்னொரு தடவை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போடச் சொல்வார்கள். வீட்டு வாசலில் வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டதும் அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும், முறிவு மருந்தும் கிடையாது.

கேட்டவர்
தோண்டிப் பார்த்தேன். ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை அழுகியிருக்கிறது. சுற்றளவு 5 அடி. கிளையில் முக்கால்வாசி வரை பழுப்பு.

பதில் 1
5 அடியில் ஒரு சாண்தானே, தேறும். அழுகிய பட்டையைக் கூரிய கத்தியால் நல்ல பட்டை தெரியும்வரை சீவி எடுங்கள். ஒரு நாள் காற்றாட விட்டு, போர்டோ பசை பூசுங்கள். 100 கிராம் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில். 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு இன்னொரு அரை லிட்டரில், தனித்தனி பிளாஸ்டிக் வாளியில். சுண்ணாம்புக் கரைசல் ஆறியதும் துத்தக் கரைசலை அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள், செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றைக்கே பூசிவிட வேண்டும், மறுநாளுக்கு வேலை செய்யாது.

கிளையைப் பச்சை தெரியும் இடத்திலிருந்து இன்னும் 3 அங்குலம் உள்ளே தள்ளி வெட்டுங்கள். கனமான கிளை, ஒரே வெட்டில் விட்டால் தண்டுப் பட்டையையும் கிழித்துக்கொண்டு விழும். வெட்ட வேண்டிய இடத்துக்கு ஓர் அடி வெளியே தள்ளி முதலில் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, அதற்கு வெளியே மேலிருந்து அறுங்கள். மீதி நிற்கும் கட்டையைக் கடைசியில் எடுக்கலாம். வெட்டுவாயிலும் அதே பசை. காய்ந்த கிளையை வாசலில் போட்டு வைக்காமல் எரித்துவிடுங்கள், பூஞ்சையும் புழுவும் அதிலிருந்துதான் பரவும்.

பதில் 3
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: தோண்டிய குழி ஐப்பசி மழையில் குளமாகும். தண்ணீர் தேங்கினால் பட்டை மறுபடி அழுகும், அதனால் ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டிச் சரிவு கொடுங்கள். தூரில் தண்ணீர் ஊற்றாமல் கிளை நிழல் முடியும் ஓரத்தில் பாய்ச்சுங்கள். உறிஞ்சும் வேர் அங்கேதான் இருக்கிறது. அங்கேயே நன்றாக மக்கிய தொழுஉரம் 2 கூடை, வேப்பம்புண்ணாக்கு 2 கிலோ, 50 கிராம் டிரைக்கோடெர்மா (அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்து போடலாம். போர்டோ பசை பூசிய இடத்துப் பக்கம் மட்டும் டிரைக்கோடெர்மா வேண்டாம், செம்பு அதைக் கொன்றுவிடும். இந்த வருடம் பூ வந்தால் உதிர்த்துவிடுங்கள், மரம் காய்க்கு வேலை செய்யாமல் வேருக்குச் செய்யட்டும். துளிர் இலை வழக்கமான அளவுக்கு வருகிறதா என்று தை மாதம் பாருங்கள்.