முந்திரிப்பழச் சாறு தொழிலாக நிற்குமா?

பண்ருட்டி மாணவி:
கடலூரில் கல்லூரி இரண்டாம் வருடம். தொழில்முனைவு வகுப்பில் ஆளுக்கொரு யோசனை கேட்டார்கள். எங்கள் பக்கம் கொட்டையைத் திருகி எடுத்ததும் பழத்தைத் தோப்பிலேயே விட்டுவிடுவார்கள், பார்க்க மனசே கேட்காது, அதில் சாறு எடுத்து விற்கலாம் என்றேன். ஆனால் குடித்தால் தொண்டை கரகரக்கிறது, பழமும் சீக்கிரம் அழுகிவிடுகிறது. என்ன வழி?

முந்திரிக்காட்டான்:
கரகரப்புக்குக் காரணம் பழத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள். ஜவ்வரிசிக் கஞ்சியைச் சாற்றில் கலந்து வைத்தால் அது அடியில் படியும், மேலே தெளிந்ததை வடித்துக்கொள்ளுங்கள். பழத்தைப் பொறுக்கிய அன்றே பிழிந்தாக வேண்டும், அதனால் கடலூரில் இடம் தேடாமல் தோப்புப் பக்கமே பாருங்கள். பழத்தில் வைட்டமின் சி ஆரஞ்சைவிட அதிகம், அதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

கடலூர் அக்கா:
நல்ல யோசனைம்மா, விடாதே. ஆனால் கோடை போனால் பழம் கிடையாது, அதனால் சிரப்பாகவும் காய்ச்சி வை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயில் பதிவு வாங்கிவிட்டு கடலூர் சில்வர் பீச்சில் விற்றுப் பார். தெரிந்தவர்கள் எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், முன்பின் தெரியாதவர் காசு கொடுத்து மறுபடி வாங்குகிறாரா, அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். அப்புறம், சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், யாருக்கும் பணம் கொடுக்காதே.

பண்ருட்டி மாணவி:
சரிக்கா, ஜவ்வரிசியை இந்த சீசனிலேயே செய்து பார்க்கிறேன். சிரப்புக்குச் சர்க்கரை எவ்வளவு போடணும்?