கணவரின் பழைய கடனுக்கு என் ரீஃபண்டைப் பிடித்துவிட்டார்கள், என்ன செய்வது?

புதுசா வந்தவள்: சென்னையிலிருந்து கம்பெனி மாற்றலில் அமெரிக்கா வந்தேன். ஏப்ரலில் நானும் கணவரும் ஜாயின்ட்டாக, அதாவது இருவருக்கும் ஒரே ரிட்டர்னாக, வரி ஃபைல் செய்தோம். 6,200 டாலர் ரீஃபண்ட் என்று சாஃப்ட்வேர் காட்டியது. ஒரு டாலர்கூட வரவில்லை. நேற்று வந்த கடிதத்தில், முழுப் பணமும் அவருடைய பழைய கடனுக்குப் போய்விட்டது என்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தைய கடன், எனக்கு அதில் சம்பந்தமே இல்லை. இந்தப் பணத்தை நம்பித்தான் அம்மாவுக்கு கிரெடிட் கார்டில் டிக்கெட் போட்டேன். யாராவது சொல்லுங்கள், தூக்கமே இல்லை.

டாலஸ் மாமா: முதலில் கிரெடிட் கார்டில் டிக்கெட் போடுவதை நிறுத்தும்மா. வட்டி கொன்றுவிடும்.

மின்னியாபொலிஸ் குளிர்: பயப்படாதீர்கள். நாங்கள் 2009 ஜனவரியில் வந்து இறங்கினோம். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வரவில்லை, கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்று வீடு தர மறுத்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அதையே கடந்து வந்துவிட்டோம், இதெல்லாம் ஒரு விஷயமா?

கணக்குப்பிள்ளை: 8857 படிவம் போடுங்கள். அப்பாவித் துணைக்கென்றே அதை வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் ரிட்டர்னைத் திருத்தித் தனித்தனியாக ஃபைல் செய்துவிடுங்கள்.

சான் ஹோசே ரவி: எதைப் போட்டாலும் வராது. இங்கே கலிபோர்னியாவில் எனக்குத் தெரிந்தவருக்கு ஒரு சென்ட்கூடத் திரும்பவில்லை.

எடிசன் அக்கா: தங்கை, மூன்று விஷயம் சொல்லவே இல்லையே. எந்த மாநிலம்? என்ன கடன்? இருவரில் யாருக்கு எவ்வளவு சம்பளம்?

புதுசா வந்தவள்: நியூ ஜெர்சி. வருமானத்தில் முக்கால்வாசி என்னுடையது. கடன்... அவருடைய முதல் கல்யாணத்துக் குழந்தைக்கான சைல்ட் சப்போர்ட் (பராமரிப்புப் பணம்) பாக்கி. பொதுவில் எழுத வேண்டாம் என்று பார்த்தேன்.

டாலஸ் மாமா: முதல் கல்யாணமா! ஜாதகம் பார்க்கிறார்கள், நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள், இதை மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

மின்னியாபொலிஸ் குளிர்: மாமா, அந்தப் பெண் கேட்டது அதுவா? ஆனாலும் இந்த ஊர் அநியாயம்தான். நம் சம்பளத்தில் வாரா வாரம் பிடிப்பார்கள், திருப்பித் தர வேண்டிய நேரத்தில் யாருக்கோ கொடுப்பார்கள்.

கணக்குப்பிள்ளை: யாருக்கோ இல்லை சார், அவருடைய குழந்தைக்கு.

எடிசன் அக்கா: சண்டை போதும். தங்கை, உங்களுக்கு வேண்டியது 8379 படிவம், 8857 இல்லை. துணை வருமானத்தை மறைத்தோ தவறாகக் காட்டியோ கூடுதல் வரி விழுவது மாதிரி விஷயங்களுக்கு 8857. இங்கே வரிக் கணக்கு சரி, உங்கள் பங்கு அவர் கடனுக்குப் போயிருக்கிறது. அதற்கு 8379. தனித்தனியாகத் திருத்துவதும் நடக்காது. ஜாயின்ட்டாக ஃபைல் செய்துவிட்டு, கெடு தேதி தாண்டிய பிறகு அப்படி மாற்ற விடமாட்டார்கள்.

ரவி சொல்வதும் அவர் ஊருக்குப் பொருந்தலாம். கலிபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன், அரிசோனா மாதிரி 9 மாநிலங்களில் கணவன் மனைவி சொத்துக்குத் தனிச் சட்டம், பங்கும் அதன்படிதான். நியூ ஜெர்சி அதில் இல்லை.

ரிட்டர்ன் ஏற்கெனவே போய்விட்டதால் 8379-ஐ மட்டும் தனியாகத் தபாலில் அனுப்புங்கள். உங்கள் கையெழுத்து போதும். இருவருடைய டபிள்யூ-2 (சம்பளமும் பிடித்த வரியும் காட்டி கம்பெனி தரும் படிவம்) நகலும் வேண்டும், ஜாயின்ட் ரிட்டர்ன் நகல் வேண்டாம். பெயர்கள் ரிட்டர்னில் உள்ள அதே வரிசையில் இருக்கட்டும். மூன்றாம் பகுதியில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். மூன்று கட்டங்கள்: ஜாயின்ட் தொகை, உங்களுடையது, அவருடையது. பின்னிரண்டையும் கூட்டினால் முதலாவது வர வேண்டும். சம்பளம் சம்பாதித்தவர் கட்டத்தில், பிடித்த வரி அவரவர் டபிள்யூ-2 படி, வருமானத்திலிருந்து பொதுவாகக் கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் ஆளுக்குப் பாதி. உங்கள் பங்கு எவ்வளவு என்று ஐ.ஆர்.எஸ். (மத்திய அரசின் வரித்துறை) தானே கணக்குப் போடும், முழு 6,200-ஐ எதிர்பார்க்காதீர்கள். சுமார் 8 வாரம் ஆகும். டிக்கெட் பணத்துக்கு அதுவரை வேறு வழி பாருங்கள்.

புதுசா வந்தவள்: அக்கா, இதற்குக் கெடு உண்டா? அடுத்த வருஷமும் பிடிப்பார்களா?

எடிசன் அக்கா: கெடு சில வருஷம் இருக்கிறது, ஆனாலும் இந்த வாரமே அனுப்புங்கள். ஜாயின்ட் ரிட்டர்னில் பிடித்த சைல்ட் சப்போர்ட் பணத்தை, கொடுப்பதற்கு முன் 6 மாதம் வரை மாநிலம் நிறுத்தி வைக்கலாம். அதற்குள் உங்கள் படிவம் போய்விட்டால் நல்லது.

பாக்கி தீரும்வரை வருஷா வருஷம் பிடிப்பார்கள். அடுத்த முறை ரிட்டர்னோடு சேர்த்தே 8379-ஐப் போடுங்கள், ஒரு தடவை போட்டது மறு வருஷத்துக்குச் செல்லாது. அப்புறம் ஆபீசில் டபிள்யூ-4-ஐ, அதாவது சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதற்கான படிவத்தை, திருத்திக் கொடுங்கள். மாதா மாதம் அளவாகப் பிடித்தால் பெரிய ரீஃபண்டே சேராது. ரொம்பக் குறைத்துவிட்டால் ஏப்ரலில் கையிலிருந்து கட்ட வேண்டிவரும், பார்த்துச் செய்யுங்கள். கடிதத்தில் பணம் போன ஏஜென்சியின் போன் நம்பர் இருக்கும். உங்கள் கணவரையே கூப்பிட்டு, பாக்கி எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள்.

சான் ஹோசே ரவி: மாநில ரீஃபண்டையும் பிடித்தால்?

எடிசன் அக்கா: 8379 ஃபெடரல், அதாவது மத்திய அரசின் ரீஃபண்டுக்கு மட்டும்தான். மாநில ரீஃபண்டுக்கு மாநில வரித்துறையிடம்தான் கேட்க வேண்டும்.