நாசாவின் புழு லோகோ: நடுக்கோடு இல்லாதது ‘ஏ’ ஆகுமா?

நீலவட்டம்:
‘புழு லோகோ காலத்தை வென்றது’ என்று நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல். நாசா (NASA) என்ற பெயரைச் சிவப்பில் புழுப்போல வளைத்து எழுதிய அந்த லோகோவில் இரண்டு ஆங்கில ‘ஏ’வுக்கும் (A) நடுக்கோடு கிடையாது. கோடு இல்லாதது எப்படி ‘ஏ’ ஆகும்? 1992இல் அப்போதைய நாசா தலைவர் டான் கோல்டின் அதைத் தூக்கிவிட்டு 1959ஆம் வருடத்து நீல உருண்டை லோகோவைத் திரும்பக் கொண்டுவந்தது சரிதான். 2020இல் அதை மறுபடி ராக்கெட்டில் ஏற்றியது தண்டம்.

செங்கீற்று:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். புழுவை வடிவமைத்த ரிச்சர்ட் டேனும் புரூஸ் பிளாக்பர்னும் 1975இல் கோட்டை மறந்துவிடவில்லை. நான்கு எழுத்தும் ஒரே தடிமனில் வளைந்து ஓட வேண்டும் என்றுதான் விட்டார்கள். அந்த ‘ஏ’ ராக்கெட்டின் மூக்கு மாதிரியே நிற்கிறது, பாருங்கள்.

நீலவட்டம்:
அன்றைய நாசா தலைவர் ஜேம்ஸ் பிளெட்சருக்கே கோடு இல்லாதது உறுத்தியது. அவருக்கும் ரசனை இல்லையா?

செங்கீற்று:
உறுத்தியது. ஆனாலும் அவர் காலத்தில்தானே நடைமுறைக்கு வந்தது? பாதிக் கதை சொல்வதே உங்கள் வழக்கம். முன்பு ஹப்பிள் தொலைநோக்கி பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் செய்தீர்கள்.

நீலவட்டம்:
ஹப்பிளை இழுக்காதீர்கள். ‘க்’கில் புள்ளியை எடுத்தால் ‘க’. அதுபோல, கோட்டை எடுத்தால் ஆங்கில ‘ஏ’ இல்லை. அவ்வளவுதான்.

சுவடிப்பித்தன்:
ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளியே இருக்காது ஐயா. எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்தலாகிவிடும். படிக்காமலா விட்டோம்?

நீலவட்டம்:
படித்த லட்சணம் தெரியும். அப்போது குறில் எகரத்துக்குத்தான் புள்ளி. அது போனதும் எது எ, எது ஏ என்று பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமா?

சுவடிப்பித்தன்:
நீங்கள் ஒரு சுவடியையாவது தொட்டிருக்கிறீர்களா?

செங்கீற்று:
சுவடியை விடுங்கள். 2020 மே 30, ஸ்பேஸ்எக்ஸின் டெமோ-2 பயணம். விண்வெளி வீரர்கள் பென்கனும் ஹர்லியும் ஏறிய ஃபால்கன் 9 ராக்கெட்டின் வெள்ளை உடம்பில் அந்தச் சிவப்பு எழுத்து. அதே பூஸ்டர், அதாவது ராக்கெட்டின் திரும்ப வந்து இறங்கும் அடிப்பகுதி, 19 முறை பறந்தது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் புகைக்கரி ஏறி, அடுப்பில் வைத்த பாத்திரம் போலக் கறுத்தது. 2023 டிசம்பரில் கடலில் மிதக்கும் தளத்தில் இறங்கியபின் சாய்ந்து உடைந்தது. கரி படிந்த படங்களிலும் நான் அந்த நான்கு எழுத்தைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். உங்கள் உருண்டையில் நட்சத்திரம், சுற்றுப்பாதை, சிவப்பு இறக்கை எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. தூரத்திலிருந்து ஒன்றாவது தெரியுமா?

விண்ணோடி:
ஃபால்கன் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட். நாசாவுடையதே இல்லையே?

செங்கீற்று:
சரி, 2022 நவம்பரில் நிலவை நோக்கிப் போன ஆர்ட்டெமிஸ் 1 யாருடையது? அதன் பக்கவாட்டு பூஸ்டர்களிலும் புழுதான். லேசரால் வடிவம் காட்டி, டேப் ஒட்டி, கையால் பெயின்ட் அடித்தார்கள்.

நீலவட்டம்:
அடித்தவர்கள் அந்தக் கோட்டையும் சேர்த்து அடித்திருக்கலாம்.

செங்கீற்று:
அடித்தால் அது புழுவே இல்லை! எத்தனை முறை சொல்வது?

சுவடிப்பித்தன்:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.