புதுப்பிப்பு: கிளட்ச் மாற்றிய அன்று என்ன படித்தேன்

போன வாரம் கேட்டிருந்தேன்: காரில் கிளட்ச் வழுக்குகிறது, மெக்கானிக் கடையில் அரை நாள் உட்கார வேண்டும், என்ன படிக்கலாம் என்று. சிறுகதைத் தொகுப்பு எடுத்துப் போங்கள் என்றுதான் நிறையப் பேர் சொன்னீர்கள். எடுத்துத்தான் போனேன். பக்கத்திலேயே ஒருவர் டிங்கரிங் தட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது பக்கத்தைத் தாண்டவில்லை.

அப்புறம் டேஷ்போர்டு பெட்டியைத் துழாவியபோது, வாங்கிய நாளிலிருந்து பிரிக்காத கையேடு கிடைத்தது. சும்மா புரட்ட ஆரம்பித்தவன் கீழே வைக்கவில்லை. பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறி, டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று காட்டுகிறதாம். ஆறு வருடமாகப் பங்கில் தலையை நீட்டி எட்டிப் பார்த்தவன் நான்! டயரில் எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலேயே ஒட்டியிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் கொதிநிலை இறங்கும். வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. நான் ஒருமுறைகூட மாற்றியதில்லை.

மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார்: 2319. "2019ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரான டயர். இதையும் படிங்க தம்பி."

கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. கிளட்ச் இப்போது வெண்ணெய் மாதிரி இருக்கிறது, பிரேக் ஆயிலும் மாற்றியாயிற்று. நாலு டயரும் பாக்கி. சரி, சிறுகதைகளை டயர் கடையில் தொடர்கிறேன்.