பாலக்கோட்டில் பவளத் தொட்டி: போர்வெல் தண்ணீரை வைத்துக்கொண்டு மறுபடியும் தொடங்கலாமா?

பாலக்கோடு டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். 2008 முதல் 2014 வரை சென்னையில் கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தேன். நான்கு டி5 குழல்விளக்குகள், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஒரு ஸ்கிம்மர், ஒரு ஜோடி கோமாளி மீன், கொஞ்சம் காளான் பவளம், ஒரு தோல் பவளம். அடக்கமான தொட்டிதான். தருமபுரி மாவட்டத்துக்குப் பணிமாறுதல் வந்தபோது எல்லாவற்றையும் கொளத்தூரில் ஒரு கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு விளக்கை மட்டும் எடுத்துவந்தேன். அது பரணில் கிடக்கிறது. இப்போது மகன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான், கூடத்தில் அவன் சைக்கிள் நின்ற இடம் காலி. என் வீட்டுக்காரரும் சம்மதித்துவிட்டார். மின்கட்டணம் என் சம்பளத்திலிருந்து என்பது நிபந்தனை.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று நினைத்திருக்கிறேன். தரைத்தளம் என்பதால் பாரத்தைப் பற்றிப் பயமில்லை. பயமெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். எங்கள் போர்வெல்லில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) மீட்டர் 1,150 காட்டுகிறது. புளோரைடு கதை இந்தப் பக்கத்தார் எல்லோருக்கும் தெரியும். என் வகுப்பிலேயே சில பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்கள், பல்லில் பழுப்புக் கறை. பல்லையே அரிக்கும் தண்ணீர் பவளத்தை விட்டுவைக்குமா? ஒகேனக்கல் குடிநீரும் வருகிறது, ஆனால் வரும் நாள் அதற்குத்தான் தெரியும். குடிப்பதற்கு ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கிறோம். அந்தத் தண்ணீரிலேயே கடலுப்பைக் கலக்கலாமா?

அடுத்தது வெயில். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் கூடம் 34 டிகிரியைத் தொடுகிறது. ஏ.சி. படுக்கையறையில் மட்டும்தான். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்காமல் சமாளிக்க வழி உண்டா?

நான் விலகியிருந்த காலத்தில் என்னென்ன மாறியிருக்கிறது என்றும் யாராவது சொல்லுங்கள். அப்போதெல்லாம் மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் பூஜ்யம் என்றால் அது பெருமை. இப்போது படிப்பதெல்லாம் வேறு மாதிரி இருக்கிறது.

மத்தூர் மெக்கானிக்:

டீச்சர், வணக்கம். கடல் மீன் எனக்குத் தெரியாது, கப்பி மீன் வளர்ப்பதோடு சரி. ஆனால் ஆர்.ஓ. பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

குடிக்கும் குழாயிலிருந்து எடுக்காதீர்கள். நம் பக்கம் மாட்டியிருக்கும் இயந்திரங்கள் பலவற்றில் டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்று ஒரு சிறிய திருகு வால்வு இருக்கும். உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பிரேனுக்குள் போகாத தண்ணீரில் கொஞ்சத்தை ருசிக்காக நல்ல தண்ணீரோடு திரும்பக் கலந்துவிடுவதுதான் அதன் வேலை. குழாயில் பிடித்துப் பார்த்தால் 100, 150 என்று காட்டுவது அதனால்தான். சிலவற்றில் கடைசியில் மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு. உங்களுக்கு வேண்டியது மெம்பிரேனிலிருந்து நேராக வரும் தண்ணீர். அந்த வால்வின் குழாய் வந்து சேரும் இடத்துக்கு முன்னாலேயே ஒரு 'டி' இணைப்புப் போட்டுத் தனியாக எடுத்துவிடலாம். நீங்கள் குடிக்கும் தண்ணீரின் ருசி மாறாது.

நல்ல மெம்பிரேன் கரைந்த உப்பில் 95 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும். 1,150 உள்ளே போனால் 50 அளவில் வெளியே வரும். அந்த மிச்சத்தைப் பிடிக்க ஒரு டி.ஐ. ரெசின் குடுவை மாட்ட வேண்டும். 50 வரும் தண்ணீருக்கு ரெசின் சீக்கிரம் தீர்ந்துபோகும், செலவு அங்கேதான். ஒகேனக்கல் தண்ணீரின் டி.டி.எஸ். போர்வெல்லைவிட நிறையக் குறைவு என்பதால், அது வரும் நாளில் டிரம்மில் பிடித்துவைத்து ஆர்.ஓ.வுக்கு அதையே விடுங்கள். அதில் குளோரின் இருக்கும், குளோரின் பட்டால் மெம்பிரேன் பாழ். அதனால் முன்னால் இருக்கும் கார்பன் கார்ட்ரிட்ஜைப் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

சுத்தத் தண்ணீரைப் பிளாஸ்டிக் டிரம்மில்தான் சேமிக்க வேண்டும். செம்பு, பித்தளை அண்டா பக்கமே போக வேண்டாம். செம்பு கலந்த மருந்து விட்டால் கப்பித் தொட்டியிலேயே நத்தைகள் செத்துப்போகின்றன. கழிவுக் குழாய்த் தண்ணீரை மாங்கன்றுக்கு ஊற்றாதீர்கள், உப்பு அதில்தான் சேர்ந்திருக்கிறது. வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

அதியமான்கோட்டை:

டீச்சர், எதற்கு இத்தனை பாடு? புதுச்சேரிக்குப் போய்வரும் வண்டிக்காரரிடம் சொன்னால் நாலு கேன் கடல்தண்ணீர் வந்துவிடப் போகிறது. அதுவும் இல்லையென்றால் ஒரு மூட்டை கல்லுப்பு. கடலும் உப்பு, கல்லும் உப்பு.

ஓசூர் பவளம்:

அதியமான்கோட்டை நண்பரே, கல்லுப்பு ஏறத்தாழ முழுக்கவே சோடியம் குளோரைடு. கடலில் கரைந்திருப்பதில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து சுமார் 85 சதவீதம்தான். மிச்சம் மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட். உப்பளத்தில் இவற்றில் பெரும்பகுதி உப்போடு சேராமல் பிரிந்துபோய்விடுகிறது. பவளத்துக்கு உயிர்நாடியே அந்த மிச்சம்தான். புதுச்சேரியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவதென்றால் ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் வண்டி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓட வேண்டும். டீச்சர், பேசாமல் செயற்கைக் கடலுப்பு வாங்குங்கள். லிட்டருக்கு 35 கிராமுக்குச் சற்று மேல், ஒப்படர்த்தி 1.025 வந்தால் போதும்.

புளோரைடு விஷயத்தில் நீங்கள் பயப்படுவது வேண்டாத பயம். கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் புளோரைடு இருக்கிறது. நம் குடிநீருக்கு அனுமதிக்கும் உச்சவரம்பு 1.5. பவளம் பிறந்ததே அந்தத் தண்ணீரில்தான். பிள்ளைகளின் பல்லுக்கு வரும் கேடு, வளரும் வயதில் ஆண்டுக்கணக்கில் அதைக் குடிப்பதால் வருவது. எப்படியும் ஆர்.ஓ. அதில் பெரும்பகுதியை எடுத்துவிடும். நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது சிலிக்காவையும், வயல் உரத்திலிருந்து போர்வெல்லுக்கு இறங்கும் நைட்ரேட்டையும். சிலிக்கா கொஞ்சம் மெம்பிரேனைத் தாண்டிவரும், மணலெல்லாம் பழுப்பாக டயாட்டம் என்ற நுண்பாசி படியும். மத்தூர்க்காரர் சொன்ன ரெசினைச் செலவு பார்த்து விட்டுவிடாதீர்கள்.

வெயிலுக்கு வருகிறேன். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு, கோடையில் காற்று உலர்ந்திருக்கிறது. தொட்டியின் மேல்மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பை உரசிப்போகும்படி இரண்டு சின்ன 12 வோல்ட் விசிறிகளை வைத்தால் மண்பானை குளிர்வதுபோலத் தண்ணீர் குளிரும். இரண்டு, மூன்று டிகிரி இறங்கிவிடும். விடியலில் 26, பிற்பகலில் 28 என்று இருந்தால் மென்பவளங்களுக்குக் கவலையில்லை. 30-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால்தான் ஆபத்து: உடலுக்குள் குடியிருக்கும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் திட்டுத்திட்டாக வெளுத்தது இந்தச் சூட்டினால்தான். ஓசூரில் எனக்குச் சில்லர் தேவைப்பட்டதே இல்லை. ஆனால் பாலக்கோடு ஓசூர் இல்லை. முதல் கோடையை விசிறியோடு ஓட்டிப் பாருங்கள், ஸ்டாண்டுக்குள் சில்லருக்கு இடம் விட்டுவையுங்கள். பரணில் இருக்கும் டி5 அங்கேயே இருக்கட்டும், அது தண்ணீரைச் சூடாக்கும். எல்.இ.டி.க்கு மாறிவிடுங்கள், வீட்டுக்காரர் போட்ட நிபந்தனைக்கும் நல்லது.

விசிறி ஓடினால் தினமும் சில லிட்டர் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஈடுகட்ட ஊற்றுவது உப்பில்லாத ரெசின் தண்ணீராக இருக்க வேண்டும். நீங்கள் காலையில் பள்ளிக்குப் போய் மாலையில்தான் திரும்புவீர்கள், ஆகவே மிதவை வைத்துத் தானாக நிரப்பும் அமைப்பு கட்டாயம். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலில் மின்சாரத்தை நிறுத்தும் நாளுக்கு, இன்வெர்ட்டரில் அலை பம்ப்பை மட்டும் இணையுங்கள். விளக்கில்லாமல் ஒரு நாள் தாங்கும். நீரோட்டம் நின்றால் ஆக்சிஜன் குறைந்து சில மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கத் தொடங்கும்.

மாறியவற்றில் பெரியது நீங்கள் கேட்டதுதான். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யமாக இருந்தால் இப்போது யாரும் பெருமைப்படுவதில்லை. பவளம் பட்டினி கிடக்கும், வெற்றிடத்தில் டைனோபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வழுவழுவென்று சளிபோலப் பரவும். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை என்று வைத்துக்கொள்வதே இன்றைய பழக்கம்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். நீங்கள் ஆசிரியர் வேலையில் இருப்பவர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே கல் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டுவிட்டன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடற்குதிரை எல்லாம் அதில் உண்டு. பிடிபட்டால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. கடையில் "உயிர்ப்பாறை" என்று பழைய பவளக் கல்லைக் காட்டினாலும் வாங்காதீர்கள். செயற்கைப் பாறையை அடுக்கி, அம்மோனியா விட்டு, நான்கைந்து வாரம் பாக்டீரியா பிடிக்கவிட்டால் தண்ணீரைச் சுத்தமாக்கும் அதே வேலையைச் செய்யும். கோமாளி மீன் கேட்டால் பண்ணையில் பொரித்த குஞ்சாகக் கேளுங்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இந்த இனப்பெருக்கத்தைச் செய்துகாட்டியிருக்கின்றன. கடலில் பிடித்ததைவிட இவை நன்றாகவே தீனி எடுக்கும். பொத்தான் பவளம் வைத்தால் அந்தப் பாறையைக் கையுறை இல்லாமல் தேய்க்காதீர்கள், வெந்நீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு, அதன் ஆவி மூச்சில் போனால் மருத்துவமனைதான்.

பாலக்கோடு டீச்சர்:

ஓசூர் ஐயா, புளோரைடு விவரத்தைப் படித்துவிட்டு அறிவியல் வகுப்பில் அதையே கேள்வியாகப் போட்டேன். ஒரு பெண், "அப்படியானால் மீனுக்கும் பல் கறுக்குமா, மிஸ்?" என்று திருப்பிக் கேட்டாள். அதற்கும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கல் பவளம் வேண்டாம் என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. காளான், தோல் பவளம், பச்சைப் புல்போல ஆடும் நட்சத்திரப் பவளம், இவை போதும். விசிறி யோசனையையும் எடுத்துக்கொள்கிறேன். மேல்மூடியை எடுப்பதில்தான் உடன்பாடில்லை, என்னிடம் இருந்த கோமாளிகளில் ஒன்று தரையில் குதித்த அனுபவம் உண்டு. மூடிக்குப் பதில் மெல்லிய வலை போடுகிறேன், காற்றுக்குத் தடையிருக்காது அல்லவா?

ஸ்டாண்ட் பிரச்சினை தீர்ந்தது. என்னோடு பணிபுரிபவரின் அண்ணன் கிருஷ்ணகிரியில் கிரானைட் அறுக்கும் பட்டறையில் இருக்கிறார். ஓரம் உடைந்த பலகை ஒன்று தருகிறார். ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் போடப்போகிறேன். தண்ணீர் மட்டுமே 180 லிட்டர், கண்ணாடி, பாறை, மணல் சேர்ந்தால் கால் டன் தாண்டும், மரத்தை நம்ப மனம் வரவில்லை. கொத்தனாரை ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் விரிப்பும் உண்டு.

மத்தூர்த் தம்பி, எங்கள் இயந்திரத்தைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன வால்வு போல இரண்டு இருக்கின்றன. எதுவென்று தெரியவில்லை.

மத்தூர் மெக்கானிக்:

ஒன்று கண்ட்ரோலர், இன்னொன்று கழிவுத் தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்துவதாக இருக்கும், டீச்சர். இரண்டாவதைத் திருகிவிட்டால் மெம்பிரேன் அடைத்துக்கொள்ளும், எதையும் தொடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாரண்டஅள்ளியில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டுப் பதினொரு மணிக்கு வருகிறேன். கார்பன் கார்ட்ரிட்ஜ் பத்து அங்குலமா என்று மட்டும் அளந்து சொல்லுங்கள்.