புதுப்பிப்பு: குறைந்த செலவில் கேமிங் கணினி, ஏஎம்5 என்று முடிவாகிவிட்டது

பின்னாளில் மேம்படுத்த வசதியாக, கையைக் கடிக்காத ஒரு கேமிங் கணினிக்கு பிராசஸரைப் பொருத்தும் சாக்கெட்டில் பழைய ஏஎம்4 போதுமா, புதிய ஏஎம்5 வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

ஏஎம்4-இல் ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு என்றால் செலவு குறையும், உண்மைதான். ஆனால் ஏஎம்4 2016-இல் வந்த சாக்கெட். ஏஎம்5-க்கோ 2027 வரையிலும் அதற்குப் பின்னரும் ஆதரவு உண்டு என்று அதைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் அறிவித்திருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய ஆறுதல். எனவே ஏஎம்5-க்கான ரைசன் 5 7600 பிராசஸர், பி650 மதர்போர்டு. பிராசஸர் பெட்டியிலேயே அதைக் குளிர்விக்கும் கூலர் வருகிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை.

ராம் விஷயத்தில் பலர் சொன்னது மிகச் சரி. இப்போது இரண்டு ராம் பட்டைகள், பிறகு இரண்டு என்பது ஏஎம்5-இல் பயன்படும் டிடிஆர்5 வகை ராமுக்கு ஒத்துவராது. நான்கு செருகினால் வேகம் இறங்கிவிடுகிறது. ஆகவே 16 ஜிபி பட்டைகள் இரண்டை ஒரேயடியாக வாங்கி, பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகப் போகிறேன்.

கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு ஆர்எக்ஸ் 6600. 1080பி திரைக்கு அது தாராளம். 132 வாட்தான் இழுக்கும் என்றாலும், நாளைய கார்டை மனத்தில் வைத்து 750 வாட் பவர் சப்ளை வாங்குகிறேன். அதில் மட்டும் சிக்கனம் பார்க்க மனம் வரவில்லை.

கேபினெட் இன்னும் முடிவாகவில்லை. முன்பக்கம் வலையுள்ளதாக, நீளமான கார்டுக்கும் இடம் தருவதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.