பகுதி பூச்சியமானாலே செங்குத்துத் தொலைத்தொடுகோடு வந்துவிடுமா?

கேள்வி:
பிளஸ் ஒன் படிக்கிறேன். சார்பு (எக்ஸ்² − 4) / (எக்ஸ்² − 5எக்ஸ் + 6). பகுதி (பின்னத்தின் கீழே உள்ளது) எக்ஸ் = 2-லும் 3-லும் பூச்சியமாகிறது. ஆனால் கைபேசியில் வரைந்து பார்த்தால் 3-ல் மட்டும்தான் வளைவரை எகிறுகிறது, அதாவது செங்குத்துத் தொலைத்தொடுகோடு (வளைவரை எகிறிக்கொண்டே நெருங்கும் செங்குத்துக் கோடு) அங்கே மட்டும்தான். 2-ல் ஒன்றுமே நடக்கவில்லை. ஏன்? இன்னொன்று, 3-ல் "எல்லை இல்லை" (எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது சார்பு ஒரே மதிப்பை நெருங்கவில்லை) என்று விடை போட்டிருக்கிறது. 1/(எக்ஸ் − 3)²-க்கு மட்டும் "முடிவிலி" என்கிறார்கள். இரண்டும் 3-ல் எகிறத்தானே செய்கின்றன?

பதில் 1:
தம்பி, பகுதி பூச்சியமாகும் இடம் சந்தேகத்துக்குரிய இடம், அவ்வளவுதான். அங்கே தொகுதி (பின்னத்தின் மேலே உள்ளது) என்ன ஆகிறது என்றும் பார்க்க வேண்டும். 2-ல் தொகுதியும் பூச்சியம். காரணிப்படுத்தினால் மேலும் கீழும் (எக்ஸ் − 2) அடிபட்டு, (எக்ஸ் + 2)/(எக்ஸ் − 3) மிஞ்சும். அதில் 2 போட்டால் −4. ஆக எல்லை −4, வளைவரையில் (2, −4) என்ற ஒரே ஒரு புள்ளி மட்டும் இருக்காது. அந்த ஓட்டை திரையில் தெரியாது.

3-ல் தொகுதி 5, பகுதி பூச்சியம். இங்கே எண்களைப் போட்டே பாருங்கள். 2.9-ல் −49, 2.99-ல் −499. வலப்பக்கம் 3.1-ல் 51, 3.01-ல் 501. இடப்பக்கம் −∞, வலப்பக்கம் +∞. இரண்டும் ஒத்துப்போகாததால் "எல்லை இல்லை". 1/(எக்ஸ் − 3)²-ல் வர்க்கம் இருப்பதால் 2.9, 3.1 இரண்டிலும் 100. இருபக்கமும் மேலேதான் போகும், அதனால் ∞ என்று எழுதுகிறோம். ∞ ஓர் எண் அல்ல, சார்பு போகும் போக்கைச் சொல்லும் குறி. தேர்வில் இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டையும் தனித்தனியாக எழுதிக் காட்டுங்கள்.

பதில் 2:
தொலைத்தொடுகோட்டுக்கு ஒரு பக்கம் எகிறினாலே போதும். மடக்கைச் சார்பு லாக் எக்ஸ்-ஐப் பாருங்கள்: பகுதியே கிடையாது, 0-க்கு இடப்பக்கம் சார்பே இல்லை. ஆனாலும் வலப்பக்கம் −∞-க்கு இறங்குவதால் எக்ஸ் = 0 தொலைத்தொடுகோடுதான்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, இப்போது தெளிவாகிவிட்டது. அப்போ 0/0 வந்தாலே ஓட்டை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
கூடாது. (எக்ஸ் − 2)/(எக்ஸ் − 2)² கூட 2-ல் 0/0தான். ஒன்று அடிபட்டபிறகும் கீழே இன்னொரு (எக்ஸ் − 2) நிற்கிறது. அதனால் அங்கே தொலைத்தொடுகோடு. முதலில் சுருக்குங்கள், அப்புறம் பகுதியைப் பாருங்கள்.